அந்தக் கட்டத்தில் யார் நம்பர்?

திருப்பூர் வட்டாரத்தில் இருக்கும் வங்கிக் கிளை மேலாளர்கள் எல்லோருக்கும் ஒரு திறந்த மடல்

மேலாளர் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். சனிக்கிழமை ஆனால் சம்பளம் போடுவது என் வேலை. உங்களில் சிலருக்கு என் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். திங்கட்கிழமை காலையில் நீங்கள் சீட்டில் உட்காரும் முன்பே, "சார், சனிக்கிழமை அனுப்புன ஃபைல்ல மூணு பேருக்கு ரிட்டர்ன் ஆயிருக்குங்க" என்று போன் போடும் ஆள் நான்தான்.

எங்கள் செக்கிங் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். வயது 50 இருக்கும். டேபிளில் துணியை விரித்த மாத்திரத்தில் ஊசி ஓட்டை எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். எண்ணெய்க் கறை, தையல் விட்டது, சாயம் மாறியது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அதே அக்கா சனிக்கிழமை சாயங்காலம் என் மேஜைக்கு வந்து, "ஏனுங்க அம்மிணி, இந்த வாரம் எனக்கு ஏறிருச்சுங்களா? எவ்வளவுங்க?" என்று கேட்பார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போவார். இது வாராவாரம் நடப்பது. என்ன இது, வங்கியிலிருந்து மெசேஜ் வருமே என்று எனக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை. பழகிப் போய்விட்டது.

ரெண்டு மாதத்துக்கு முன்பு கேட்டேன். "அக்கா, உங்களுக்கு மெசேஜ் வராதா?"

"அது வூட்டுக்காரரு போனுக்குங்க கண்ணு. அவரு ஏடிஎம்ல எடுத்துட்டு வந்துருவாரு."

நான் முகத்தைச் சுளித்திருப்பேன் போல. உடனே சொன்னார்: "குடிக்கிறவரெல்லாம் இல்லீங்க. நல்ல மனுசந்தான். ஆனா பாருங்க, நான் எவ்வளவு சம்பாரிச்சேன்னு எனக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சிருது."

அன்று இரவு அந்த அக்காவின் கணக்குத் திறந்த விண்ணப்பத்தின் நகலைத் தேடி எடுத்தேன். கைபேசி எண் என்ற கட்டத்தில் அவருடைய வீட்டுக்காரர் நம்பர். கையெழுத்து என்னுடையது.

அதனால் இந்த மடலில் உங்கள் மேல் சொல்லப்போகும் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி பழைய 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் என்பது கவரில் போட்டுக் கொடுக்கும் நோட்டுதான். அந்த நோட்டே இல்லாமல் போனது. ஆளுக்கொரு கணக்குத் திறந்தால்தான் சம்பளம் என்ற நிலைமை. சாப்பாட்டுக் கூடத்தில் முகாம் போட்டோம். ஒரு கிளையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் பேனாவோடு உட்கார்ந்தோம். நான் மட்டும் 43 விண்ணப்பம் நிரப்பினேன். "போன் நம்பர் சொல்லுங்க" என்றால், ஒருத்தர் வீட்டுக்காரர் நம்பரைச் சொன்னார், ஒருத்தர் மகன் நம்பரைச் சொன்னார். நம்பரே இல்லை என்றவர்களுக்கு எங்கள் சூப்பர்வைசர் நம்பரை எழுதினேன். ஐந்தாறு பேருக்கு ஒரே நம்பர். வந்திருந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதியம் மூன்று மணிக்குள் கட்டுக்கட்டி எடுத்துப் போக வேண்டும் என்பதே அன்றைய கவலை. அடுத்த வருஷமே சட்டத்தையும் திருத்தி, தொழிலாளியிடம் எழுதி வாங்காமலே சம்பளத்தை வங்கியில் போடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். கவர் போனது போனதுதான்.

அன்றைக்கு அந்தக் கட்டம் எனக்கு ஒரு கட்டமாகத்தான் பட்டது. முகவரி, பிறந்த தேதி மாதிரி அதுவும் ஒன்று. இன்றைக்குப் பார்த்தால் கணக்கின் சாவியே அதுதான். அந்த நம்பர் இருக்கும் சிம்மிலிருந்து மெசேஜ் போனால்தான் ஜிபேயோ போன்பேயோ கணக்கைக் கண்டுபிடிக்கிறது. யுபிஐ பின் வைக்க ஏடிஎம் கார்டு வேண்டும், இல்லையென்றால் ஆதார் ஓடிபி வேண்டும். எந்த வழியில் போனாலும் ஓடிபி வந்து விழுவது அந்த நம்பரில்தான். பட்டன் போனில் *99# அடித்து இருப்பு பார்க்கலாம். 2022 மார்ச்சில் பட்டன் போன்காரர்களுக்கென்றே 123பே என்று ஒரு யுபிஐ வசதி கொண்டுவந்தார்கள். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதுவும் கணக்கோடு சேர்ந்த நம்பர் எதுவோ அதில்தான் வேலை செய்யும். எங்கள் அக்காவின் கையில் இருக்கும் பட்டன் போன் எல்லாவற்றுக்கும் தகுதியான போன். அதில் இருக்கும் நம்பருக்குத்தான் தகுதி இல்லை.

ஜன்தன் கணக்குகள் 2025 ஆகஸ்டில் 56 கோடியைத் தாண்டியதாகவும், அதில் 56 சதவீதம் பெண்கள் பெயரில் இருப்பதாகவும் அரசு சொன்னது. சந்தோஷம். அதோடு இன்னொரு அரசுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு இருக்கிறது என்று சொன்ன பெண்கள் நூற்றுக்கு 79 பேர். தாங்களே பயன்படுத்தும் போன் இருக்கிறது என்றவர்கள் 54 பேர். அந்த 79க்கும் 54க்கும் இடையில் நிற்பவர்களின் கணக்கில் யாருடைய நம்பர் இருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

முன்பெல்லாம் பெண்கள் காசை எங்கே வைத்தார்கள்? அரிசிப் பானையில், அஞ்சறைப் பெட்டியில், சுருக்குப் பையில். 2016இல் அதெல்லாம் வெளியே வந்தது. எங்கள் கம்பெனியிலேயே ஒரு அம்மா ஏழு 500 ரூபாய் நோட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து, "இதை எப்படியாவது மாத்திக் குடு கண்ணு, வூட்ல தெரிய வேண்டாம்" என்று என் கையில் திணித்தார். பேத்தி காதணிக்குச் சேர்த்ததாம். அந்த அம்மாவிடம் இனிமேல் வங்கியில் போடுங்கள், பத்திரமாக இருக்கும் என்று சொன்னவள் நான். பத்திரம்தான், திருட்டுப் போகாது. ஆனால் 200 ரூபாய் போட்டாலும் எடுத்தாலும் மீதி இருப்போடு சேர்த்து இன்னொருவர் போனுக்குத் தகவல் போகும் என்பதை நான் சொல்லவில்லை, எனக்கே அன்று உறைக்கவில்லை. அரிசிப் பானை யாருக்கும் மெசேஜ் அனுப்பியதில்லை.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் 1,000 ரூபாய் ஏறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டீ டைமில் பேக்கிங் பிரிவில் ஒவ்வொரு போனாகச் சிணுங்கியது. வந்தவர்கள் வராதவர்களுக்குக் காட்டினார்கள். மெசேஜ் வராத நாலு பேர், "நமக்கு வரல போல" என்று சோர்ந்துபோய் மெஷினுக்குத் திரும்பினார்கள். அதில் மூன்று பேருக்கு வந்திருந்தது. ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்தது. (அந்த 1,000 ரூபாயிலேயே மினிமம் பேலன்ஸ் இல்லை என்று சில வங்கிகள் கை வைத்ததும், அப்போதைய தமிழக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டுக் கண்டித்ததும் தனிக் கதை. ஸ்டேட் வங்கி 2020லும், கனராவும் இந்தியன் வங்கியும் 2025லும் சேமிப்புக் கணக்கில் அந்த அபராதத்தையே எடுத்துவிட்டன. கேட்டால் நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.)

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். எங்கள் லைனில் ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண். கணவர் இல்லை. கணக்கில் இருப்பது கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பர். அந்தக் கணக்கிலிருந்து இரண்டு தடவையாக 18,500 ரூபாய் போயிருக்கிறது. மகன் யாருக்கும் ஓடிபி கொடுக்கவில்லை என்கிறான். மெசேஜ் வந்திருக்கிறது, ஆனால் நூறு விளம்பர மெசேஜுக்கு நடுவில் அவன் பார்க்கவில்லை. பதினைந்தாம் நாள் இந்தப் பெண் பாஸ்புக்கில் என்ட்ரி போடப் போனபோதுதான் தெரிந்தது. கிளையில் சொன்ன பதில்: "லேட்டா வந்துட்டீங்களேம்மா."

நான் அந்த விதியைத் தேடிப் படித்தேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்தது. உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். வங்கியின் தவறும் இல்லாமல், வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல், வேறு எங்கோ நடந்த கோளாறில் பணம் போனால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நாலிலிருந்து ஏழு நாளுக்குள் என்றால் அவர் தலையில் விழும் நஷ்டத்துக்கு உச்சவரம்பு உண்டு; அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அது 5,000 ரூபாய். ஏழு நாளும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. படிக்கும்போது நல்ல விதியாகவே பட்டது. ஆனால் அந்த மூன்று நாள் எப்போது ஆரம்பிக்கிறது? வங்கியிடமிருந்து வாடிக்கையாளருக்குத் தகவல் கிடைத்ததிலிருந்து. யாருக்குக் கிடைத்தது இங்கே? மெசேஜ் கோயமுத்தூரில் ஒரு சட்டைப் பையில் அதிர்ந்தது. கணக்குக்காரி அந்த நேரத்தில் திருப்பூரில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். உங்கள் ஏட்டில் அவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அடிக்கச் சொன்னேன், அடித்தார். கிளையில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பதும் இப்போது எனக்குத் தெரியும். பணம் வருமா என்று தெரியாது.

சிம் விவகாரம் இன்னொன்று. சொந்த நம்பர் கொடுத்த பெண்களுக்கும் அது நிலைப்பதில்லை. வீட்டில் நாலு போன் இருந்து காசு இடித்தால் முதலில் ரீசார்ஜ் நிற்பது யாருடைய போனுக்கு என்று சொல்லத் தேவையில்லை. 28 நாள் போய், இன்னும் சில மாதம் போய், நம்பர் செத்துவிடும். கம்பெனிக்காரன் அதையே வேறு யாருக்காவது கொடுத்துவிடுவான். இப்போது நம் அக்காவின் சம்பள மெசேஜ் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். கைமாறிப்போன நம்பர்களை யுபிஐ பட்டியலிலிருந்து களைய வேண்டும் என்று 2025இல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். களைந்தீர்கள், சரி. களைந்த இடத்தில் புது நம்பர் என்ன என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டது யார்?

எங்கள் கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு அம்மா தள்ளுவண்டியில் இட்லி போடுகிறார். காலை ஆறரைக்கே கூட்டம். வண்டியில் கியூஆர் அட்டை, பக்கத்தில் சத்தம் போடும் பெட்டி. ஒவ்வொரு தட்டு இட்லிக்கும் "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தும். பெண் முன்னேற்றம், டிஜிட்டல் இந்தியா என்று போட்டோ எடுத்துப் போட்டால் நூறு லைக் விழும். அந்தக் கியூஆர் மருமகன் கணக்கு. சாயங்காலம் மாவுக்கும் எண்ணெய்க்கும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார். முன்பு கைக்காசாக வந்தபோது கல்லாப் பெட்டி அவர் இடுப்பில் இருந்தது. அவர் கையில் ஸ்மார்ட்போன் இல்லாததால் கணக்கு அவர் பெயரில் வரவில்லை. அந்தப் பெட்டி கத்தும்போதெல்லாம் எனக்கு இட்லி இறங்க மாட்டேன் என்கிறது.

வெளிமாநிலப் பெண்கள் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளின் கணக்கில் இருப்பது ஊரில் இருக்கும் அப்பா நம்பர். ஓடிபிக்கு ஊருக்கு போன் போட வேண்டும். அப்பா வயலில் இருந்தால் அன்றைக்கு நாப்கின் வாங்கக்கூடக் காசு கிடையாது.

இதையெல்லாம் உங்களில் ஒருவரிடம் நேரில் சொன்னபோது, "நம்பர் குடுத்தது அவங்கதானேம்மா, குடும்ப விஷயத்துல நாங்க எப்படித் தலையிட முடியும்?" என்றார். நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஐயா, நீங்கள் ஏற்கெனவே குடும்பத்துக்குள்தான் இருக்கிறீர்கள். ஒரு பெண்ணின் இருப்பு விவரத்தை வாராவாரம் இன்னொருவருக்கு அனுப்பிக்கொண்டிருப்பது உங்கள் சர்வர்தான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து உங்களிடம் என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் சொல்வீர்களா? வங்கி ரகசியம் என்பீர்கள். தாலி கட்டியவர் என்றால் ரகசியம் இல்லையா?

தன் கணக்கில் தன் காசு என்பதால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலியை வைத்து எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலானோர் ஓர் ஆய்வு செய்தார்கள். சில பெண்களுக்கு வெறும் கணக்கு மட்டும் திறந்து கொடுத்தார்கள். சிலருக்குக் கணக்கு, கூலி நேராக அந்தக் கணக்குக்கே வரும் ஏற்பாடு, அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற சின்னப் பயிற்சி, மூன்றும் கிடைத்தன. மூன்றும் கிடைத்தவர்கள், வெறும் கணக்கு கிடைத்தவர்களைவிட அதிகமாக வேலைக்குப் போனார்கள், நூறு நாள் வேலைக்கு மட்டுமில்லை, வெளி வேலைக்கும். எங்கள் முதலாளிகள் ஆள் கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்களே, அவர்கள் காதிலும் இதைப் போட்டு வையுங்கள்.

மகளிர் சுய உதவிக் குழுவில் நான் பார்த்த ஒன்று இங்கே பொருந்தும். 1989இல் தர்மபுரியில் ஆரம்பித்த காரியம் அது. போனும் கிடையாது, ஆப்பும் கிடையாது. கூட்டத்தில் ஊக்குநர் பாஸ்புக்கை விரித்து, இந்த மாதம் இவ்வளவு போட்டோம், இவ்வளவு கடன் கொடுத்தோம், மீதி இவ்வளவு என்று சத்தமாக வாசிப்பார். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாகூட, "போன மாசம் வட்டி சேரலையே" என்று மடக்குவார். கணக்கு அவர் காதுக்கு வந்ததால் அது அவர் கணக்கு. இந்த டிஜிட்டலில் காணாமல் போனது அந்த வாசிப்புதான்.

சரி, புலம்பியது போதும். நம்பரை மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். செக்கிங் அக்காவை நான் அனுப்பிப் பார்த்தேன். காலை எட்டரைக்கு ஷிப்ட் ஏறினால் ராத்திரி எட்டரை. உங்கள் கவுன்ட்டர் பத்துக்குத் திறந்து நாலுக்கு மூடுகிறது, இரண்டாம் சனியும் நாலாம் சனியும் லீவு. அரை நாள் சம்பளம் விட்டுப் போனார். முதல் தடவை, ஆதார் ஜெராக்ஸ் இல்லை. இரண்டாம் தடவை, அந்த மேடம் லீவு. மூன்றாம் தடவை ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எதுக்கும்மா மாத்தறீங்க? வூட்டுக்காரருக்குத் தெரியுமா?" அக்கா விண்ணப்பத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். ஒன்றரை நாள் கூலி போனது. நம்பர் அப்படியே இருக்கிறது. அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. நல்லதாக நினைத்துத்தான் கேட்டிருப்பார். ஆனால் ஒரு ஆண் நம்பர் மாற்ற வந்தால் அந்தக் கேள்வி வாயில் வருமா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நான் கேட்பது புதுத் திட்டம் இல்லை, செயலி இல்லை, விருது விழா இல்லை. உங்கள் கிளைக் கணக்குகளை ஒரு தடவை அலசி, ஒரே நம்பர் மூன்று நாலு கணக்கில் இருந்தால் அந்தப் பட்டியலை எடுங்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கு அது பெரிய வேலையாக இருக்காது. அந்தப் பெண்களைக் கூப்பிட்டு, "இந்த நம்பர் இருக்கிற போன் யார் கையில் இருக்கு?" என்று கேளுங்கள். "உங்க நம்பர்தானே?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஜன்தன் கணக்குகளுக்குப் பத்து வருஷம் ஆனதால் 2025இல் ஊராட்சிகளில் மறு கேஒய்சி முகாம், அதாவது வாடிக்கையாளர் விவரத்தை மறுபடி சரிபார்க்கும் முகாம், நடந்தபோது நான் ஒரு முகாமில் போய் நின்று பார்த்தேன். பழைய நம்பரையே வாசித்து, "கரெக்டா?" என்று கேட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். நல்ல சந்தர்ப்பம் கண் முன்னே நழுவியது.

அப்புறம், மெசேஜைத் தமிழில் அனுப்புங்கள். ஏடிஎம்மில் தமிழ் இருக்கிறது, கியூஆர் பெட்டி தமிழில் கத்துகிறது, சம்பள மெசேஜ் மட்டும் எழுத்தைக் கூட்டிப் படிக்க முடியாத சுருக்க ஆங்கிலத்தில் ஏன் வருகிறது? இது கிளை மட்டத்தில் நடக்காது என்பது எனக்குத் தெரியும். மேலே எழுதுங்கள். நாலு மேலாளர்கள் எழுதினால் மேலிடம் அசையும்.

என் பங்கை நான் ஆரம்பித்துவிட்டேன். 2016இல் நான் நிரப்பிய 43 பேரில் 26 பேர் இன்னும் எங்களிடம் வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். 17 பேருக்கு இன்று சொந்த நம்பர் இருக்கிறது, கணக்கில்தான் இல்லை. இரண்டு பேர், "வேண்டாங்க, அவரு நம்பரே இருக்கட்டும்" என்றார்கள். அது அவர்கள் இஷ்டம், விட்டுவிட்டேன். மீதி 15 பேர் மாற்ற வேண்டும் என்கிறார்கள். முதலாளியிடம் பேசி, வரும் மூன்றாம் சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்து வாங்கியிருக்கிறேன், கூலிப் பிடித்தம் இல்லாமல். கம்பெனி வேனிலேயே கூட்டி வருகிறேன். ஆதார் அசல், ஜெராக்ஸ், பாஸ்புக், போட்டோ, போன், எல்லாம் கையில் இருக்கும். விண்ணப்பத்தை இந்தத் தடவை நான் நிரப்ப மாட்டேன், அவரவர் நம்பரை அவரவரே எழுதுவார்கள். மெதுவாகத்தான் எழுதுவார்கள். உங்கள் கவுன்ட்டரில் நூலில் கட்டித் தொங்கும் அந்தப் பேனா எட்டாது, எழுதவும் எழுதாது. பேனா நாங்கள் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு பனியன் கம்பெனிக் கணக்குக்காரி,
திருப்பூர்